திறந்த கதவு மூடவேண்டாமா?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரம் என்ற கிராமத்தின் பெயரைச் சொன்னால், விஷயம் தெரிந்த பெரியவர்களுக்கு ஒரு கதவு ஞாபகத்துக்கு வரும். 11-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த கூரத்தாழ்வான் பெரிய தனவந்தர். பொழுது விடிந்தது முதல் இருட்டும் வரையில் அவருடைய மாளிகையில் அன்னதானம் நடக்குமாம். கடைசி விருந்தாளியும் சாப்பிட்டுப் போன பிறகு வாயில் கதவைச் சாத்துவார்களாம். அந்தச் சத்தம் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் வரையில் கேட்டதாம். கோயில் கதவைத்தான் சாத்துகிறார்களோ என்று பெருந்தேவித் தாயாரே ஐயப்பட்டாளாம்! செய்தி காதில் விழுந்ததும், தம் செல்வத்தின் ஆரவாரம் அவ்வளவு தூரம் போய்விட்டதே என்று ஆழ்வான் வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் துறந்து ராமாநுஜரிடம் போய்ச் சேர்ந்தார் என்று வழிவழியாகக் கதை சொல்லுவார்கள்.

சில மாதங்களுக்கு முன் நான் கூரத்துக்குப் போனபோது என் காதில் விழுந்ததும் கதவுச் சத்தம்தான். ஆனால் அது மரக் கதவு அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய உலோகக் கதவு. நிமிஷத்துக்கு இரண்டாயிரம் தடவைக்கு மேல் திறந்து மூடுகிற கதவு. மோட்டார் எஞ்சினின் வால்வைத்தான் சொல்கிறேன்.

நான் போனது என்னவோ 7-ஆம் நூற்றாண்டில் பரமேசுவரவர்ம பல்லவன் காலத்தில் எழுந்த சிவன் கோயிலைப் பார்க்கத்தான். திரும்பி வரும் வழியில் தகரக் கொட்டகை ஒன்றிலிருந்து கேட்ட பேச்சு என்னை நிறுத்திவிட்டது.

"தம்பி, நான் மாட்ட மாட்டேன். மாட்டினால் அது எஞ்சினுக்குப் போட்ட சுருக்குக் கயிறு."

சொன்னவர் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர், கை நகங்களில் எத்தனையோ வருஷத்து ஆயில். எதிரே நின்றவன் இருபத்திரண்டு வயதுப் பையன். தகப்பனார் பட்டுத் தறி நெய்பவர். அவரும் தறியிலிருந்து நேரே எழுந்து வந்தவர் போலத் தோளில் துண்டோடு மூலையில் நின்றுகொண்டிருந்தார். நடுவே பழைய இரும்பு எஞ்சின் புல்லட் ஒன்று, டாங்கியைக் கழற்றி வைத்த கோலத்தில்!

பையனின் ஆசை

பையனுக்குப் பந்தயப் பைத்தியம். அவனைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அவன் பிறந்த ஜில்லா அப்படிப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் திடல் 1990 முதல் இருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாம் சோழவரம்தான். இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் கிளப் தோன்றிய பிறகு, அந்த ஓடுதளத்தில் பந்தயம் நடந்தால் கல்கத்தா, பம்பாய், பெங்களூர் என்று நாலு திசையிலிருந்தும் வண்டிகள் வந்து சேரும். வெளிநாட்டுச் சாமான்கள் குதிரைக் கொம்பாக இருந்த காலம். நம் ஊர் ஆட்கள் உள்ளூர்ப் பட்டறையிலேயே உருட்டியும் அராவியும் வண்டிக்கு வேகம் ஏற்றினார்கள்.

புல்லட்டும் இந்தப் பக்கத்துக்குப் புதிது அல்ல. 1950-களில் சென்னைத் திருவொற்றியூரில் என்பீல்ட் இந்தியா கம்பெனி அதைத் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு இந்த ஜில்லாவிலேயே, ஒரகடத்தில் 2013-லும் வல்லம் வடகாலில் 2017-லும் தொழிற்சாலைகள் ஏற்பட்டன. ஆகவே கூரத்துப் பையன் புல்லட் மீது ஆசை வைத்தது அதிசயம் இல்லை.

அவன் செய்த காரியம் இதுதான்: ஒரு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, பந்தய எஞ்சினுக்கு உரிய கேம் ஒரு ஜோடி வாங்கிவிட்டான். கூடவே விற்ற வால்வு ஸ்பிரிங்கை வாங்கவில்லை. கையில் பணம் தீர்ந்துவிட்டது.

"அண்ணே, ஸ்பிரிங் சும்மா சுருள் கம்பிதானே? இருக்கிறதே போதும். கேமை மட்டும் மாட்டிக் கொடுங்கள். திடலில் பழக இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது" என்றான்.

மெக்கானிக் பதில் பேசாமல் பலகையின் கீழிருந்து ஒரு பழைய பிஸ்டனை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதன் தலையில், நிலாப் பிறையைப் பதித்தது போல ஆழமான ஒரு வெட்டு. பக்கத்தில் வளைந்துபோன ஒரு வால்வு.

"இதுவும் இப்படித்தான் 'இருக்கிறதே போதும்' என்று வந்த வண்டிதான்" என்றார்.

கேம் என்றால் என்ன?

மோட்டார் சமாசாரம் தெரியாத வாசகர்களும் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் சுலபம்.

எஞ்சினுக்கு இரண்டு வாசல். ஒன்றின் வழியாகப் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி உள்ளே வருகிறது. மற்றொன்றின் வழியாக எரிந்த புகை வெளியே போகிறது. இந்த வாசல்களின் கதவுகளே வால்வுகள். கதவைத் திறப்பது கேம். கேம் என்பது முழு வட்டமாக இல்லாமல், ஒரு பக்கம் மூக்கு நீண்ட சக்கரம். அது சுழலும்போது மூக்கு வரும் பக்கம் டேப்பெட் உயருகிறது, டேப்பெட் புஷ்ராடைத் தள்ளுகிறது, புஷ்ராடு ராக்கரைத் தள்ளுகிறது, ராக்கர் வால்வை அமுக்குகிறது, கதவு திறக்கிறது. கார்களில் இந்த மூக்குகள் எல்லாம் ஒரே நீளத் தண்டில் இருக்கும். அதுதான் கேம் ஷாப்ட். பழைய புல்லட்டில் வால்வுக்கு ஒன்றாக இரண்டு தனித்தனிக் கேம் சக்கரங்கள்.

எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுத்தான் சுற்றும். எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடுகிறது என்றால், ஒவ்வொரு கதவும் விநாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் ஐந்தாறு தடவை!

சரி, பந்தயக் கேம் என்ன செய்கிறது? மூக்கு இன்னும் உயரம். ஆகவே கதவு அதிகம் திறக்கிறது. மூக்கு இன்னும் அகலம். ஆகவே கதவு முன்னதாகத் திறந்து, தாமதமாக மூடுகிறது. 2019-இல் காஞ்சியில் அத்தி வரதர் தரிசனம் நடந்ததே, அந்தக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நாலு பேர் வருகிற நாளில் வாசலைக் கொஞ்ச நேரம் திறந்தால் போதும். லட்சம் பேர் நெருக்கிக்கொண்டு வருகிற நாளில் விடியுமுன்பே திறக்க வேண்டும். இரவு வெகு நேரம் கழித்தே சாத்த வேண்டும். வருகிற கூட்டத்தின் வேகமே பின்னால் இருப்பவர்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எஞ்சின் வேகமாக ஓடும்போது காற்றின் கதையும் இதுதான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கூட்டம் இல்லாத நாளில் எல்லா வாசலும் திறந்து கிடந்தால், உள்ளே வந்தவன் அப்படியே வெளியே போய்விடுவான். பந்தயக் கேம் மாட்டிய எஞ்சின் மெதுவாக ஓடும்போது இருமும், தடுமாறும், சில சமயம் நின்றும் போகும். சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவனுக்கு அது உதவாது. மேல் வேகத்தில் கிடைப்பதைக் கீழ் வேகத்தில் இழக்கத்தான் வேண்டும்.

மூடுவது யார்?

இப்போது வழக்குக்கு வருவோம். கேம் கதவைத் திறக்கும், மூடாது! மூடுவது ஸ்பிரிங். கேமின் மூக்கு தாண்டிப் போனதும், டேப்பெட், புஷ்ராடு, ராக்கர், வால்வு அத்தனையையும் திருப்பித் தள்ளி, கேமின் முதுகோடு ஒட்டி வைத்திருக்க வேண்டிய பொறுப்பு அந்தச் சுருள் கம்பியினுடையது.

"கணக்கைக் கேளுங்கள் ஸார்" என்று மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். "வேகம் இரண்டு மடங்கானால் ஸ்பிரிங்குக்கு வேண்டிய பலம் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. 5000 சுற்றில் ஓடியதை 6000 சுற்றில் ஓட்டினால், நூறுக்கு நூற்று நாற்பத்து நாலு ஆகிறது. அதே கேமுக்கே இப்படி என்றால், இந்தக் கேமில் மூக்கும் உயரம்."

பலம் போதாவிட்டால் என்ன ஆகும்? கேம் தூக்கி எறிந்த வால்வு, குறித்த நேரத்துக்குத் திரும்பி வராது. அந்தரத்தில் மிதக்கும். 'வால்வு மிதப்பு' என்றே மெக்கானிக்குகள் இதைச் சொல்கிறார்கள். இதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். திறந்த கதவும் ஏறி வரும் பிஸ்டனும் முட்டிக்கொண்டால், மேஜை மேல் கிடந்த பிறைதான் மிச்சம். ஓடுகிற வேகத்தில் எஞ்சின் இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால், வண்டியோடு ஓட்டுகிறவனும் போகவேண்டியதுதான்.

"அப்படியானால், கிடைக்கிற ஸ்பிரிங்கிலேயே ரொம்பக் கெட்டியானதாகப் பார்த்துப் போட்டுவிடலாமே!" என்றேன், என் மேதாவிலாசத்தைக் காட்ட.

மெக்கானிக் சிரித்தார். "அதுவும் ஆபத்துதான் ஸார். ஸ்பிரிங் அளவுக்கு மீறிக் கெட்டியானால் கேமின் மூக்கைத் தேய்த்துவிடும், புஷ்ராடு வளையும். தவிர, ஸ்பிரிங்குக்கு என்று ஒரு அதிர்வு இருக்கிறது. வீணைத் தந்தி மாதிரி. எஞ்சின் வேகம் அதோடு ஒத்துப்போனால் ஸ்பிரிங் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங், வலம் ஒன்று, இடம் ஒன்றாகச் சுற்றிப் போடுகிறார்கள். கேம் செய்தவன் எந்த ஸ்பிரிங்கைச் சொன்னானோ, அதுதான் அதற்கு ஜோடி. ஜாதகம் பார்த்துச் செய்த கல்யாணம் மாதிரி."

இந்தச் சுருள் கம்பி உலகத்துப் பெரிய மூளைகளை எல்லாம் படுத்தி வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கே வேண்டாம், மூடுவதற்கும் ஒரு கேம் வைத்துவிடலாம் என்று 1954-இல் ஜெர்மனியின் மெர்ஸிடிஸ் கம்பெனி பந்தயக் கார் செய்தது. 1956-இல் இத்தாலியின் டுகாட்டி கம்பெனியில் பாபியோ டாக்லியோனி என்ற நிபுணர் அதே தத்துவத்தை மோட்டார் சைக்கிளில் புகுத்தினார். அந்த வண்டி ஸ்வீடன் நாட்டுப் பந்தயத்தில் முதல் தடவையிலேயே வென்றது. 1986-இல் பிரெஞ்சு ரெனோ கம்பெனி பார்முலா ஒன் எஞ்சினில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அமுக்கிய காற்றையே ஸ்பிரிங்காக வைத்தது. இத்தனை பாடும் எதற்காக? திறந்த கதவை நேரத்தில் மூடுவதற்காக!

தறிக்காரர் தீர்ப்பு

இவ்வளவு சொல்லியும் பையன் முகம் தெளியவில்லை. அவனுக்கு மூன்று வாரம்தான் கண்ணில் நின்றது. அதுவரை வாய் திறக்காமல் நின்ற தகப்பனார் முன்னால் வந்தார். பிஸ்டனைக் கையில் எடுத்து, வெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏண்டா, நம் தறியில் ஜக்கார்டு இருக்கிறதே, மிதித்தால் என்ன ஆகிறது?"

"இழை மேலே போகும் அப்பா."

"கீழே யார் கொண்டு வருகிறார்கள்?"

பையன் பேசவில்லை.

"ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் கனம் தொங்குகிறது. அதுதான் இழையைக் கீழே இழுக்கிறது. கனம் போதாவிட்டால் இழை அந்தரத்தில் நிற்கும். நாடா அதன் மேல் பாயும். பாவு அறுந்துபோகும். பூ நன்றாக இருக்கிறது என்று பூவுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, கனம் கட்டாமல் நான் என்றைக்காவது தறியில் உட்கார்ந்திருக்கிறேனா?"

கொட்டகையில் சிறிது நேரம் சத்தமே இல்லை.

"என்னிடமும் இப்போது பணம் இல்லை. இந்தத் தடவை போகாதே. அடுத்த தடவை போ" என்று சொல்லிவிட்டு, பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பையன் கேம் இரண்டையும் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

கல்யாண நாள்

இரண்டு மாதம் கழித்து மெக்கானிக்கிடமிருந்து டெலிபோன் வந்தது. "ஸார், ஸ்பிரிங் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறோம். வருகிறீர்களா?" பையன் இரண்டு மாதமும் மாலை வேளைகளில் ஜரிகைக் கடைக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதித்திருக்கிறான்.

மாட்டுவது என்றால் கழற்றிப் பூட்டுவதுதானே என்று நினைத்துப் போனேன். காலையிலிருந்து மத்தியானம் வரை அளந்துகொண்டேதான் இருந்தார்கள்.

முதலில் ஸ்பிரிங்கை எடை மெஷின் மேல் நிறுத்தி, துளை போடும் மெஷினின் கைப்பிடியால் அமுக்கினார் மெக்கானிக். எத்தனை மில்லிமீட்டர் அமுங்கினால் எத்தனை கிலோ காட்டுகிறது என்று பையன் நோட்டில் எழுதினான். கம்பெனி கொடுத்த அட்டையோடு அது ஒத்திருந்தது. பிறகு சிலிண்டர் தலையில் ஸ்பிரிங் நிற்கும் உயரத்தை அளந்தார்கள். ஒரு வால்வில் உயரம் சற்று அதிகமாக இருந்தது. அடியில் மெல்லிய வாஷர் ஒன்று போட்டுச் சரி செய்தார்கள்.

வால்வு முழுதும் திறந்த நிலையில், ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளக் கூடாது. அப்போதும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் மிஞ்ச வேண்டும். ஸ்பிரிங்கின் மேல் மூடி, வால்வு ஓடும் குழாயின் தலையில் இடிக்கக் கூடாது. கேம் உயரமாகும்போது இந்த இரண்டு இடமும்தான் முதலில் நெருங்கும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்ணை எடுத்துப் பிஸ்டன் தலையில் அப்பினார்கள். தலையைப் பூட்டி, புது கேமை மாட்டி, கையாலேயே எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். திரும்பத் தலையைக் கழற்றினால், களிமண்ணில் வால்வின் தடம்! அதைப் பிளேடால் வெட்டி, மிஞ்சிய கனத்தை அளந்தார் மெக்கானிக். உள் வால்வுக்கு 2 மில்லிமீட்டர், வெளி வால்வுக்கு இரண்டரை; இதற்குக் குறையக் கூடாது என்பது பொதுவான விதி. இங்கே தாராளமாகவே இருந்தது.

"பார்த்தாயா தம்பி? அன்றைக்கு நான் காட்டிய பிறைக்கும் இதற்கும் ஒரே அச்சுத்தான். இது களிமண்ணில் விழுந்தது, அது பிஸ்டனில் விழுந்தது" என்றார்.

கேம் சக்கரங்களின் பல்லில் புள்ளி வைத்திருக்கிறது. கிராங்கின் சிறு சக்கரத்துப் புள்ளியோடு அதைச் சேர்த்துப் பூட்ட வேண்டும். ஒரு பல் தவறினாலும் கதவுகளின் நேரமே மாறிவிடும். புள்ளியை மட்டும் நம்பாமல், டிகிரி தகடும் டயல் கேஜும் வைத்து வால்வு திறக்கும் கோணத்தையும் சரி பார்த்தார்கள். கேமின் மூக்குக்கும் டேப்பெட்டின் அடிக்கும் கறுப்புப் பசை தாராளமாகத் தடவினார்கள். புதிதாகத் துத்தநாகச் சத்துச் சேர்ந்த ஆயில் ஊற்றினார்கள்.

முதல் உதைக்கு எஞ்சின் ஒரு தும்மல் போட்டது. இரண்டாவது உதைக்குக் கிளம்பிவிட்டது. "மெதுவாக ஓட விடாதே! 2000 சுற்றில் வை!" என்று மெக்கானிக் கத்தினார். புதுக் கேமுக்கு முதல் சில நிமிஷங்கள்தான் கண்டம். மெதுவாக ஓடினால் கேமின் மேல் ஆயில் போதுமானபடி தெறிக்காது. மூக்கு அன்றைக்கே தேய்ந்துவிடும். தண்ணீர்க் குளிர்ச்சி உள்ள கார் என்றால் ஒரே மூச்சில் இருபது நிமிஷம் ஓட்டுவார்கள். இது காற்றில் ஆறுகிற எஞ்சின். ஆகவே எதிரே மின்விசிறியை வைத்து, கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினார்கள்.

நான் நினைத்த மாதிரி காது கிழியும் சத்தம் ஒன்றும் இல்லை. மெக்கானிக் ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினின் தலையில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். டிக், டிக், டிக் என்று ஒரே சீராக, சின்னஞ்சிறு கதவு ஒன்று சாத்திக்கொண்டிருந்தது.

கடைசியில்

பிறகு ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டையில் பழகுவதற்கு விடும் தினத்தன்று பையன் வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போனான். ஏன் வேனில் என்கிறீர்களா? கம்பெனி செய்து கொடுத்த ரூபத்திலிருந்து வண்டியை இப்படி மாற்றிவிட்டு ரோட்டில் ஓட்ட, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. திடலுக்குள் ஓடலாம்; காஞ்சிபுரம் ராஜ வீதியில் ஓடக் கூடாது.

அன்று அவன் எல்லோரையும் முந்தவில்லை. பழைய புல்லட் 346 சிசி; சாதாரணமாகச் சுமார் 18 குதிரைச் சக்திதான். புது வண்டிகள் அவனைச் சுலபமாகத் தாண்டிப் போயின. ஆனால் வண்டி போன மாதிரியே முழுசாகத் திரும்பி வந்தது. மறுநாள் தலையைத் திறந்து பார்த்தார்கள். பிஸ்டனில் கரி படிந்திருந்ததே தவிர, ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பிஸ்டனைப் பார்க்கப் பையனின் தகப்பனாரையும் கொட்டகைக்கு அழைத்தார்களாம்.

"வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார்?" என்று மெக்கானிக்கை டெலிபோனில் கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை ஸார். பழைய பிஸ்டனையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, 'அடுத்த தடவை எப்போது போகிறாய்? நானும் வருகிறேன்' என்றார்."